கரையும் சேர்ந்திசையும்: இளையோர் குழுக்களின் பன்னாட்டுப் பயணம் குறித்து நொச்சிக்குப்பத்திலிருந்து சில கேள்விகள்

இளையோர் சேர்ந்திசைக் குழு ஒன்று அயல்நாட்டுக்குப் போய்ப் பாடித் திரும்பினால், அதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அத்தகைய பயணங்களின் நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரியானது: வரவேற்பு, ஒத்திகை, நல்ல அரங்கில் ஒரு நிகழ்ச்சி, நகரைச் சுற்றிப் பார்த்தல், வழியனுப்பு. 2000-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய உலகச் சேர்ந்திசைப் போட்டிகள் இப்பயணங்களுக்குப் பதக்கங்களையும் தரவரிசையையும் சேர்த்தன. குழுக்கள் பெருகின, தரமும் உயர்ந்தது. ஆனால் பரிமாற்றம் என்றால் கொடுப்பதோடு கொள்வதும் உண்டு. வந்த குழு எதைக் கொண்டுபோனது, யாரிடமிருந்து கொண்டுபோனது என்ற கேள்விக்கு நிகழ்ச்சி நிரல்களில் விடை இருப்பதில்லை.

விருந்தினராக வரும் குழு அவ்வூர்ப் பாட்டு ஒன்றை, அது பாடப்படும் இடத்திலேயே, பாடுகிறவரின் முறைப்படி காதால் கற்க வேண்டும். அந்தப் பாட்டு மேடை ஏறலாமா என்பதைப் பாடுகிறவர்களே முடிவு செய்ய வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும் பயணத்தைத்தான் பரிமாற்றம் எனலாம் என்பது என் துணிபு. இதைச் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் களம் நொச்சிக்குப்பம்.

மெரினாவின் தென்கோடியில், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மீனவர் குடியிருப்பு இது. கூட்டாகப் பாடும் மரபுகள் இதைச் சூழ்ந்து அடர்ந்திருக்கின்றன. நடந்துபோகும் தொலைவில், 1896-இல் இன்றைய வடிவில் எழுப்பப்பட்ட சாந்தோம் பேராலயம் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்க வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கிடைத்ததால், அங்கே பாடற்குழு தமிழில் பாடுகிறது. மேற்கே கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை கோஷ்டியை நடத்திச் சென்றது மயிலாப்பூர்க்காரர்கள் இன்றும் சொல்லும் வரலாறு. சபாக்களின் மார்கழிப் பருவத்தைச் சொல்லவே வேண்டாம். கோயிலுக்கும் கரைக்கும் உள்ள உறவு இவற்றைவிடப் பழையது. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தரின் மயிலைப் பதிகம் மாசிக் கடலாட்டு விழாவைக் குறிப்பிடுகிறது. பங்குனியில் அறுபத்துமூவர் உலாவில் அதிபத்த நாயனார் என்ற மீனவரும் பவனி வருகிறார்.

இவ்வளவு பாட்டுக்கு நடுவில் கரையின் சொந்தக் கூட்டுப்பாட்டு மட்டும் இசையாக எண்ணப்படுவதில்லை. அதுதான் அம்பா. பெரிய வலை எனப்படும் கரைவலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவந்த பின், அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு அணிகள் பிடித்து இழுக்கும். தொடக்கத்தில் அணிகளுக்கிடையே நல்ல தொலைவு இருக்கும். வலை நெருங்க நெருங்க அவர்களும் ஒருவரையொருவர் நோக்கி நகர்வார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ ஏற்றுச் சொல்வார்கள். ஏற்றுச் சொல்லும் அசையில்தான் இழுப்பு விழும். எடுப்பவர் தெய்வப் பெயரையும் ஊர்ப் பெயரையும் அன்றைய கேலியையும் அந்தந்த நேரத்தில் கோத்துக்கொள்வார். மீன் சேரும் மடி கரையை அணுகும்போது பாட்டின் வேகம் கூடும்.

இசையியல் நோக்கில் இதில் கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, கைவீசித் தாளம் காட்டும் நடத்துநர் இங்கே இல்லை. கயிற்றின் இறுக்கம்தான் லயத்தை எல்லா உடல்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கிறது. இரண்டாவது, இரண்டு அணிகளின் குரல்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பி மெல்ல மெல்ல நெருங்குகின்றன. ஐரோப்பியத் தேவாலயங்களில் எதிரெதிரே நின்று பாடும் குழுக்கள் இடத்தை இசையின் பகுதியாக்கியதை நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இங்கே கடற்கரை அதே வேலையைத் தன் வழியில் செய்கிறது. மூன்றாவது, பாட்டின் நீளம் முன்கூட்டியே தெரியாது. வலையின் கனமும் நீரோட்டமும் அதைத் தீர்மானிக்கின்றன. நான்கு நிமிட உருப்படிகளில் பயின்ற இளம் பாடகருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறென்ன கிடைக்கும்?

ஆனால் இந்தப் பாட்டு அருகி வருகிறது. ஃபைபர் படகும் மோட்டாரும் வந்து கட்டுமரம் பின்தங்கியது; 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய நிவாரணம் அந்த மாற்றத்தை விரைவாக்கியது. பெரிய வலை குறையும்போது அதை இழுத்த பாட்டும் குறைகிறது. இதற்கிடையே நகரம் இந்தக் கரையை வேறு கண்ணால் பார்த்தது. 2023 ஏப்ரலில் கரையோர இணைப்புச் சாலையின் மீன் கடைகளைப் போக்குவரத்துக்கு இடையூறு என்று அகற்றத் தொடங்கியபோது மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு அதே சாலையில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலையாகவும் அங்காடியாகவும் பேசப்பட்ட இந்த இடம், பாடுகிறவர்கள் வாழும் இடமாக அந்த விவாதங்களில் எங்கும் தென்படவில்லை.

சென்னைக்குச் சேர்ந்திசை புதிதல்ல. மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-இல் தொடங்கியது. எனினும் அந்த வடிவத்தைத் தமிழ் இளைஞர்களின் கையில் கொடுத்தவர் என்று எம்.பி. சீனிவாசனையே சொல்ல வேண்டும். 1925-இல் சித்தூரில் பிறந்து, மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்துக்கு வந்து, 'பாதை தெரியுது பார்' (1960) முதலிய படங்களுக்கும் ஏராளமான மலையாளப் படங்களுக்கும் இசையமைத்து, திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்நின்றவர் அவர். 1970-களின் தொடக்கத்தில் அவர் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கினார். சலில் சௌத்ரி பம்பாயிலும் ரூமா குஹா தாகுர்தா கல்கத்தாவிலும் தொடங்கியிருந்த இளையோர் குழுக்களின் வழியில் வந்த முயற்சி இது. தொழில்முறைப் பாடகர் அல்லாதவர்களைச் சேர்த்து, பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல் அடுக்குகளில் அவர் பாடவைத்தார்.

எம்.பி.எஸ்-இன் பணியில் பரிமாற்றம் வடிவத்துக்குள்ளேயே நடந்தது. ஐரோப்பியச் சுரஅடுக்கு நிலையான சுரங்களை வேண்டுகிறது. நம் ராகம் கமகத்தில் வாழ்கிறது. நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் கமகம் பாடினால் அடுக்கு கலங்கிவிடும். கமகத்தை அறவே நீக்கினால் பாட்டு தன் முகத்தை இழக்கும். இந்த இக்கட்டைச் சென்னையின் பயிற்சி அறைகளில் இளைஞர்கள் தங்கள் தொண்டையால் எதிர்கொண்டார்கள். விமானச்சீட்டு இல்லாமலே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் அது. 1988-இல் அவர் உயிர் பிரிந்தது லட்சத்தீவில், ஒரு கடலோர மண்ணில். இருந்தாலும் கடலோர உழைப்புப் பாட்டின் அமைப்பைச் சேர்ந்திசையின் அடித்தளமாகக் கொள்வது அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு எஞ்சிய வேலை. அது இன்னும் செய்யப்படவில்லை என்றே கருதுகிறேன்.

உழைப்புப் பாட்டு மேடை ஏறும்போது என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866-இல் திறக்கப்பட்டது ஃபிஸ்க் பள்ளி. அது பணமின்றித் தள்ளாடியபோது, அதன் பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட் 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்களுடன் பாட்டுப் பயணம் புறப்பட்டார். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்று பெயர் பெற்ற அக்குழு 1873-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியின் முன் பாடியது. திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876-இல் நிறைவடைந்தது. நவீன இளையோர் சேர்ந்திசைப் பயணங்களின் முன்னோடி என்று இதையே சொல்லலாம்.

அந்த மாணவர்கள் தொடக்கத்தில் அன்றைய வெகுசனப் பாடல்களையே மேடையில் பாடினார்கள். தங்கள் பெற்றோரின் அடிமைக்காலப் பாட்டுகளை அந்நியர் முன் பாட அவர்களுக்கு மனமில்லை. அவை இருண்ட காலத்தோடு ஒட்டியவை, பெற்றோருக்குப் புனிதமானவை என்று குழுவின் முக்கிய உறுப்பினரான எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிறகு தயக்கத்தோடு பாடத் தொடங்கினார்கள். உலகம் அவற்றால்தான் அவர்களை அறிந்தது. மேடைக்காக ஒழுங்குபடுத்தியதில் அப்பாட்டுகள் மாறின என்பது உண்மை. ஆனாலும் அவற்றைப் பாடியவர்கள் அந்தப் பாட்டுக்கு உரிமையுள்ள பிள்ளைகள். பணமும் அவர்கள் பள்ளிக்கே சேர்ந்தது. இவ்விரண்டும் இல்லாமல், வேறொரு குழு அப்பாட்டுகளைக் கேட்டெழுதிக்கொண்டு ஐரோப்பா போயிருந்தால் அந்த வரலாற்றை இன்று வேறு சொல்லால் குறித்திருப்போம்.

நம் நாட்டுச் சான்று இதைவிட வேதனையானது. 1985-இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவையொட்டி, ராஜீவ் சேத்தி போன்றோரின் முயற்சியால் தெருக்கலைஞர்கள் பலர் வாஷிங்டன் சென்றார்கள்; ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நிகழ்ச்சிகளில் பெருங்கூட்டம் அவர்களைக் கொண்டாடியது. அதே காலத்தில் டெல்லியில் நடைமுறையில் இருந்த 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ காசு பெறுவதையும் பிச்சையெடுத்தல் என்றே வரையறுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை 2018-இல்தான் நீக்கியது. வெளிநாட்டில் தேசத்தின் பெருமையாக நின்ற கலைஞர் தன் தெருவுக்குத் திரும்பியதும் குற்றவாளி ஆகக்கூடும் என்ற நிலையில் அந்தப் பயணத்தை வெற்றி என்று எப்படிக் கணக்கெழுதுவது?

சென்னையில் எதிர்த்திசையில் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் பெசன்ட் நகரையொட்டிய மீனவக் குப்பத்தில் அவ்வூராரோடு சேர்ந்து 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவை நடத்தினார்கள். கருநாடக இசை, பரதம், பறையாட்டம், வில்லுப்பாட்டு ஆகியவை ஒரே மேடையில் வந்தன. மேட்டுக்குடிக் கலையைக் குப்பத்துக்குக் கொடையாகக் கொண்டுபோவதாக அதன்மேல் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சபாவுக்கு மட்டுமே பழகிய பல கேட்பாளர்கள் முதன்முறையாக ஒரு குப்பத்துத் தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஒரு படி மேலே சென்றது. பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் தென்மா ஒருங்கிணைத்த அந்தக் குழுவில் கானா பாடகர்கள் தங்கள் பாட்டோடும் அரசியலோடும் தாங்களாகவே நின்றார்கள். அக்குழுவின் இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஃபிஸ்க் மாணவர்களின் நெறி இங்கே மறுபடி செயல்படுவதைக் காணலாம்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அயல்நாட்டு இளையோரைக் குப்பத்துக்கு அழைத்து வருவது வறுமையை வேடிக்கை காட்டுவதாக முடியாதா? முடியும். அரை மணி நேரம் பேருந்தை நிறுத்தி, படம் பிடித்து, பரிசுப் பை கொடுத்துவிட்டுப் போவதைவிட வராமலிருப்பதே மேல். இன்னொரு மறுப்பு, பயணத்தின் உண்மையான பயன் இளையோர் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிச் சாப்பிட்டுப் பழகுவதுதான், பாட்டு வெறும் காரணம் என்பது. இதை முழு மனதோடு ஏற்கிறேன். அப்படியானால் அந்த வீடுகள் ஏன் எப்போதும் அடையாறிலும் தியாகராய நகரிலும் மட்டும் இருக்கின்றன என்று கேட்கும் உரிமையும் எனக்கு வந்துவிடுகிறது.

நொச்சிக்குப்பத்தில் இப்படி ஒரு சந்திப்பு நடக்க வேண்டுமானால், அது ஊர்ப் பஞ்சாயத்தாரின் சம்மதத்தில் தொடங்க வேண்டும். நேரமும் கரையின் நேரமாக இருக்க வேண்டும். காலையில் படகு வரும், மீன் விற்கும். அப்போது பாட்டுக் கேட்டு நிற்பது தொழிலுக்கு இடைஞ்சல். வலையைப் பழுதுபார்க்கும் பிற்பகல்தான் உட்கார்ந்து பேசத் தோதானது. பெரியவர்கள் அம்பாவைச் சொல்லிக்கொடுக்க விரும்பினால், கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே விருந்தினர் கற்க வேண்டும். இழுப்பில்லாமல் அதன் லயம் உடம்பில் ஏறாது. ஒப்பாரியைக் கேட்டு வாங்கி மேடையேற்றும் பழக்கம் கூடவே கூடாது. அது துக்க வீட்டுக்கு உரியது. கற்பித்தவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் தர வேண்டும். பதிவு செய்தால் அதன் பிரதி ஊரில் இருக்க வேண்டும். இவற்றோடு, குப்பத்துப் பிள்ளைகள் வந்த குழுவின் பாட்டையும் அடுக்குக் குரலில் கற்க வேண்டும். அடுத்த ஆண்டு மறுபயணம் புறப்படும்போது அதே பிள்ளைகளில் சிலருக்குக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கான பொறுப்பு குழுக்களை மட்டும் சேராது. 1950-இல் தொடங்கிய இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் கலைஞர்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டு வெளிநாடு அனுப்புகிறது. அந்த முறை தனிக் கலைஞருக்கும் பதிவுபெற்ற குழுவுக்கும் பொருந்துகிறது. வலை இழுக்கும்போது மட்டும் குழுவாகும் மனிதர்களுக்குப் பொருந்துவதில்லை. நிதி கேட்டு வரும் ஒவ்வொரு இளையோர் குழுவிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: போகும் ஊரில் யாரிடம் எந்தப் பாட்டைக் கற்கப்போகிறீர்கள்? அவர்கள் அதற்கு உடன்பட்டார்களா? அவர்கள் இங்கே வரும்போது யார் வீட்டில் தங்குவார்கள்? இந்த மூன்றுக்கும் விடை எழுதப்படாத விண்ணப்பத்துக்குப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற தலைப்பில் பொதுப்பணம் போகக் கூடாது. சுற்றுலா என்ற தலைப்பில் அவர்கள் தாராளமாகப் போய்வரட்டும்.