வைரம் போல... பிறகு வைரமே!

அலுமினியம் மிருதுவான உலோகம்தானே, வெட்டுவது சுலபம் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் மின்சாரக் கார்களின் அலுமினியப் பாகங்களைக் கடைய இன்று வைரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வைரம் பட்டறைக்கு வந்த கதை சுவாரசியமானது.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான டெய்லரும் ஒயிட்டும் கண்டுபிடித்த ஹைஸ்பீடு ஸ்டீல் டூலைக் காட்டினார்கள். முனை செக்கச் சிவந்தும் மழுங்காமல் இரும்பை வெட்டியது. 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் அதைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு டூலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வைத்த பெயர் 'விடியா'. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம்!

நிஜ வைரம்? 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ட்ரேசி ஹால் செயற்கை வைரம் செய்தார். 1970களில் அதே நிறுவனம், வைரத் துகள்களை அழுத்தி ஒட்டவைத்த பிசிடி டூலைத் தந்தது.

ஆனால் ஒரு சிக்கல். வைரம் என்பது கார்பன். இரும்பை வெட்டும் சூட்டில் அது இரும்புக்குள் கரைந்து, முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மோட்டாரின் வெளிக்கூட்டை வார்க்கும் அலுமினியத்தில் சிலிக்கான் கலந்திருக்கும். அந்தக் கடினமான துகள்கள் கார்பைடு முனையை உப்புத்தாள் போல அராவிவிடும். முனை தேய்ந்தால், ஸ்டேட்டர் உட்கார வேண்டிய துளையின் அளவு மாறும். அங்கே மைக்ரான் கணக்கில்தான் வித்தியாசம் அனுமதி. வைர முனையோ பல மடங்கு நாள் உழைக்கும்.

இரும்பிடம் தோற்ற வைரம் அலுமினியத்திடம் ஜெயித்தது. டூலின் கடினத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எதை வெட்டப்போகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த வரலாறு சொல்லும் பாடம் அதுதான்.