வேகக் கார்களுக்குரிய மாற்றுக் கிளட்சும் ஃபிளைவீலும்

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் காரின் கிளட்ச், எஞ்சினின் அதிகபட்ச முறுக்குவிசையை நழுவாமல் தாங்குவது, ஓட்டுபவரின் இடக்காலுக்குச் சிரமம் தராமலிருப்பது, நெடுங்காலம் உழைப்பது ஆகிய மூன்று நிபந்தனைகளுக்கிடையே செய்துகொள்ளப்பட்ட சமரசமாகும். டர்போவின் அழுத்தத்தை ஏற்றியோ வேறு வழியிலோ எஞ்சினின் சக்தியை உரிமையாளர் உயர்த்தும்பொழுது அச்சமரசம் குலைந்துபோக, மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் எஞ்சினின் சுழற்சி மட்டும் ஏறிக் காரின் வேகம் பின்தங்குகிறது. வேறு உற்பத்தியாளர்கள் செய்யும் கிளட்சையும் ஃபிளைவீலையும் நாடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது.

கிளட்சின் தாங்குதிறன் நான்கு அம்சங்களின் பெருக்கற்பலன்: உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட்டின் அழுத்துவிசை, உராய்வு வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. உதாரணமாக, கெழு 0.3, அழுத்துவிசை 6,000 நியூட்டன், ஆரம் 100 மில்லிமீட்டர், ஒற்றைத் தட்டின் முகங்கள் 2 எனக் கொண்டால், தாங்குதிறன் 360 நியூட்டன் மீட்டராகிறது. 1989இல் நிஸ்ஸான் வெளியிட்ட ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் காரின் 2.6 லிட்டர் எஞ்சின் தருவது 353 நியூட்டன் மீட்டர். ஆகவே இவ்வளவு தாங்குதிறன் அதற்கு ஒப்புக்குத்தான் போதும், உஷ்ணத்தால் கெழு குறைந்தால் மிச்சமேதும் இராது. மேலும் அக்கார் நான்கு சக்கரங்களாலும் இயங்குவது. பின்சக்கர இயக்கமுள்ள காரில் டயர் வழுக்கித் தணிக்கும் அதிர்ச்சியை இதில் கிளட்சே ஏற்கவேண்டும்.

தாங்குதிறனை உயர்த்த மூன்று மார்க்கங்கள் உள்ளன. வலுமிக்க டயஃப்ரம் ஸ்பிரிங்கால் அழுத்துவிசையைக் கூட்டுவது எளிதெனினும், மிதி கனத்துவிடும். தள்ளும் வகைக் கிளட்சில் மிதியை அழுத்தும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட்டின் திரஸ்ட் பேரிங் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும். பீங்கானும் உலோகத்தூளும் கலந்த பட்டைகள் உஷ்ணத்தை நன்கு தாங்குமாயினும், சட்டென்று பற்றிக்கொள்ளும் சுபாவமுடையவை; நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கார் குலுங்குவதுடன் ஃபிளைவீலின் முகமும் விரைவில் தேய்கிறது. இரட்டைத் தட்டு அமைப்பு முகங்களை நான்காக்குவதால், முன் சொன்ன கணக்கில் அழுத்துவிசையை மாற்றாமலே 720 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. விலை அதிகமாயினும், சக்தி மிகுந்த காரைச் சாலையிலும் ஓட்டவேண்டியவருக்கு இதுவே உத்தமமான வழி என்பது என் துணிபு.

ஆனால் தாங்குதிறன் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று என்னும் எண்ணம் விபரீதமானது. அளவோடு நழுவும் கிளட்ச், கியர் பாக்ஸின் பற்களுக்கு ஒரு காவல். அக்காவலை நீக்கினால் அடுத்து முறிவது விலையுயர்ந்த உறுப்பாகவே இருக்கும். எஞ்சினின் மெய்யான முறுக்குவிசையை அளந்தறிந்து, அதற்குமேல் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை மிகை வைப்பது போதுமானது.

ஃபிளைவீலைப் பற்றிய பேச்சில் எடையே பிரதானமாகிவிடுகிறது. உண்மையில் கவனிக்கத்தக்கது அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே. ஜடத்துவம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அச்சிலிருந்து 100 மில்லிமீட்டரில் 4 கிலோவைக் குறைப்பதாகக் கொள்வோம். மேற்சொன்ன ஜி.டி.-ஆர் காரில் முதற்கியரின் விகிதம் 3.214, இறுதி விகிதம் 4.111, டயரின் ஆரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், முடுக்கத்தைப் பொறுத்தவரை இது முதற்கியரில் ஏறக்குறைய 70 கிலோ எடையைக் காரிலிருந்து இறக்கியதற்குச் சமம். ஐந்தாம் கியரிலோ அந்த லாபம் 4 கிலோவைக்கூட எட்டுவதில்லை! இலகுவான ஃபிளைவீலின் பயன் தாழ்ந்த கியர்களிலும், கியர் மாற்றும்போது சுழற்சி விரைந்து ஏறியிறங்குவதிலுமே தெரிகிறது என்பது இதனால் விளங்கும்.

அதற்கு ஈடாக இழப்பனவும் உண்டு. எஞ்சினின் சுழற்சியை மாறாமல் நிறுத்திக் காரை நின்ற நிலையிலிருந்து கிளப்பினால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு நிகரான ஆற்றல் கிளட்சில் உஷ்ணமாகிறது. அந்த உஷ்ணத்தை உறிஞ்ச வேண்டிய உலோகம் குறைந்தால் வெப்பநிலை அதிகமாக ஏறும். அலுமினிய ஃபிளைவீல்களில் உராயும் முகத்துக்குத் தனியே எஃகு வளையம் பதித்திருக்கிறார்கள். வில் வளைவான ஸ்பிரிங்குகளால் இணைந்த இரட்டை நிறை ஃபிளைவீலை அகற்றி ஒற்றை நிறையை மாட்டினால், ஐட்லிங்கில் கியர் பாக்ஸிலிருந்து கடகடவென்ற ஓசை எழும். அவ்விடத்தில் ஹப்பில் ஸ்பிரிங் உள்ள தட்டையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கடைசலில் செதுக்கி இலகுவாக்குவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சுழற்சி இருமடங்கானால் அதன் உள்ளே தோன்றும் இழுவிசை நான்கு மடங்காகிறது. இழுவிசைக்கு வலுவற்ற வார்ப்பிரும்பு சிதறினால், துண்டுகள் கிளட்ச் உறையைக் கிழித்து ஓட்டுபவரின் கால்களை நோக்கிப் பாயும். அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. நிறுவனம் ஃபிளைவீல்களுக்கும் கிளட்சுகளுக்கும் 1.1 முதலிய பிரமாணங்களை வகுத்திருப்பது இந்த அபாயம் கருதியே.

வாங்குமுன் காரின் உட்பிரிவையும் சோதிக்கவேண்டும். ஆர்32 வரிசையிலேயே முற்பட்ட கார்களில் தள்ளும் வகைக் கிளட்சும், 1993இல் வந்த வி-ஸ்பெக் காரில் இழுக்கும் வகையும் அமைந்துள்ளன. ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பொருந்தாது. ஃபோர்டின் 302 கன அங்குல வி8 எஞ்சினில் ஃபிளைவீலே சமநிலை எடையைச் சுமப்பதால், முந்தியவற்றுக்கு 28 அவுன்ஸ்-அங்குலமும் பிந்தியவற்றுக்கு 50 அவுன்ஸ்-அங்குலமும் உரியன. மாற்றிப் பொருத்தினால் கடும் அதிர்வு உண்டாகும். சரியான ஜோடி கிடைத்து மாட்டிய பின்னரும், நாரும் பிசினும் கலந்த வகைத் தட்டாயின், முதல் 800 கிலோமீட்டர்வரை அடிக்கடி கியர் மாற்றும் நகர ஓட்டத்தில் மெல்லப் பழக்கி, அதன் பிறகே முழுச் சக்தியையும் அதன்மீது செலுத்தவேண்டும்.