பனி யாருக்குச் சொந்தம்?

ஆபீஸில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் குளிர்காலம் வந்தால் இரண்டு கோஷ்டிகள் முட்டிக்கொள்ளும். ஒன்று, ஸ்கீ மாட்டிக்கொண்டு காட்டு மலையில் நடந்து ஏறிச் சறுக்கி இறங்குபவர்கள். இன்னொன்று, ஸ்நோமொபைல் என்ற பனி ஸ்கூட்டரில் பறப்பவர்கள். பணக்காரப் பொழுதுபோக்குல என்னய்யா வரலாறுன்னு கேக்காதீங்க. ஒரு சட்டத்தில் இருந்த ஒரே ஒரு வார்த்தைக்காகப் பத்து வருஷம் மல்லுக்கட்டிய கதை இது.

முதலில் வண்டி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் நோய் முற்றிவிட்டது. ரோடு முழுக்கப் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, பையன் இறந்துவிட்டான். பனியில் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பிருந்தே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மனிதர், அடுத்த சில வருஷங்களில் செய்தே காட்டினார். டாக்டர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய வண்டி அது. நன்றாகத்தான் விற்றது. 1940களின் கடைசியில் கியூபெக் அரசு கிராமத்து ரோடுகளிலும் பனியை அள்ள ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. வேறு வழி தேடியவர் 1959-ல் கொண்டுவந்ததுதான் ஒருவர் இருவர் போகிற குட்டி வண்டியான ஸ்கீ-டூ. உயிர் காக்கப் பிறந்த வண்டி விளையாட்டு வண்டியாக மாறியது இப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் சுமார் ஐந்து லட்சம் வண்டிகள் விற்றன.

இவ்வளவு வண்டிகள் காட்டுக்குள் புகுந்தால் சும்மா இருப்பார்களா? 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் 11644 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்துப் போட்டார். அரசு நிலங்களில் ரோட்டை விட்டு ஓடும் வண்டிகள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அந்தந்தத் துறை பிரித்துச் சொல்ல வேண்டும். மண், விலங்குகள், அதே இடத்துக்கு வரும் மற்றவர்கள், எல்லோருக்கும் ஏற்படும் தொல்லையைக் குறைக்கிற மாதிரி அது இருக்க வேண்டும். ஆணையின் விளக்கத்தில் மண், தண்ணீர், மணலோடு 'பனி' என்ற வார்த்தையும் பளிச்சென்று இருக்கிறது. 1977-ல் கார்ட்டர் இதை இன்னும் இறுக்கினார்.

இறுக்கி என்ன பிரயோஜனம்? பல வருஷம் அது பெரும்பாலும் காகிதத்திலேயே தூங்கியது. பல காடுகளில் 'மூடப்பட்டது' என்று போர்டு இல்லாவிட்டால் திறந்திருப்பதாக அர்த்தம். பொட்டி தட்டுபவர்களுக்கு இது உடனே புரியும். டீஃபால்ட் மதிப்பு என்னவோ அதுதான் கடைசிவரை நிற்கும், யாரும் செட்டிங்ஸ் பக்கம் போய் மாற்றுவதில்லை.

ஆரம்பத்தில் இது பெரிய பிரச்சினையாகவும் இல்லை. காரணம் சட்டம் இல்லை, இஞ்சின். அந்தக் கால வண்டிகள் புதுப்பனியில் இடுப்பளவு புதைந்து நின்றுவிடும். செங்குத்துச் சரிவுகளும் ஆழமான பனியும் தானாகவே ஸ்கீக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட மாதிரி இருந்தன. 1990களில் நீளமான டிராக், அதில் துடுப்பு மாதிரிப் பட்டைகள், நூறு குதிரைத்திறனுக்கு மேல் இஞ்சின் எல்லாம் வந்தன. பத்து வருஷம் முன்பு எட்டிப் பார்க்க முடியாத மலைமுகட்டில் வண்டிகள் ஏறி நின்றன. இயற்கை போட்டிருந்த வேலி போய்விட்டது, காகித வேலி எழுந்திருக்கவே இல்லை.

இதில் ஸ்கீக்காரர்களுக்கு என்ன நஷ்டம்? லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காத ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறுவார்கள். யார் காலும் படாத பனியில் ஒரே ஒரு இறக்கம், அதற்குத்தான் அவ்வளவு பாடும். அந்தச் சரிவை இரண்டு வண்டிகள் அரை மணியில் உழுது போட்டுவிடும். ஸ்கீக்காரர் வந்ததால் வண்டிக்காரருக்கு அந்த நாள் கெட்டுப்போவதில்லை. வண்டி வந்தால் ஸ்கீக்காரருக்குக் கெடுகிறது. இந்தத் தொல்லை ஒருவழிப் பாதை.

வண்டிக்காரர்கள் சொல்வதையும் கேட்கணும். 1964 வனப்பாதுகாப்புச் சட்டப்படி ஒதுக்கிய 'வைல்டர்னஸ்' பகுதிகளில் மோட்டாருக்கே அனுமதி இல்லை. "உங்களுக்குத்தான் கோடிக்கணக்கான ஏக்கர் இருக்கே, இருக்கிறதையும் பிடுங்கணுமா?" என்பது அவர்கள் கேள்வி. முட்டி தேய்ந்தவர்கள் மலை பார்க்க வேண்டாமா, பனிக்காலத்தில் வண்டி வாடகையை நம்பியே பிழைக்கும் ஊர்கள் என்ன செய்யும் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த ஏக்கர் கணக்கை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வண்டி ஒரே நாளில் ஐம்பது மைல் போய் வரும். நடந்து ஏறுபவர் எட்ட முடிந்தது கார் நிறுத்திய இடத்திலிருந்து சில மைல்தான். ரோட்டிலிருந்து இருபது மைல் உள்ளே இருக்கும் வைல்டர்னஸ் குளிர்காலத்தில் அவருக்கு நிலா மாதிரி.

2005-ல் அமெரிக்க வனத்துறை தன் கையில் இருந்த 19 கோடி ஏக்கருக்கும் புது விதி கொண்டுவந்தது. ஜீப், பைக் எல்லாவற்றுக்கும் தடங்களைக் குறித்தே ஆக வேண்டும், வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஓட்டக்கூடாது. ஸ்நோமொபைலுக்கு மட்டும் 'குறிக்க வேண்டும்' என்பதற்குப் பதில் 'குறிக்கலாம்'. அடடா! வேண்டும் என்றாலே செய்யாத அரசாங்க ஆபீஸ், 'லாம்' என்றால் செய்யுமா? பனி உருகினால் தடமும் போய்விடும், மண்ணில் சேதம் குறைவு என்பது அவர்கள் வாதம். சத்தமும் புகையும் பக்கத்தில் இருக்கும் மனிதனும் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஐடஹோவின் பாய்சி நகரிலிருந்து இயங்கும் விண்டர் வைல்ட்லேண்ட்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு இந்த 'லாம்' மீது கேஸ் போட்டது. 2013 மார்ச்சில் நீதிபதி ரொனால்ட் புஷ் (அதிபர் புஷ் இல்லீங்க) தீர்ப்புச் சொன்னார். நிக்சன் ஆணை பனிக்கும் பொருந்தும், ஒட்டுமொத்த விலக்குக் கொடுக்க வனத்துறைக்கு அதிகாரமில்லை. 2015 ஜனவரியில் விதி மாறியது. திறந்தது என்று குறிக்காத இடம் இனி மூடியது. டீஃபால்ட்டைத் திருப்பிப் போட 43 வருஷம்! அதற்கப்புறமும் ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியாக வரைபடம் போடும் வேலை ஆமை வேகம்தான். தீர்ப்பு வந்து பல வருஷம் கழித்தும் திட்டம் முடியாத காடுகள் நிறைய.

இதே சமயத்தில் தேசியப் பூங்காக்களின் பக்கம் நடந்த கூத்து தனி. யெல்லோஸ்டோனின் மேற்கு வாசலில் ஸ்நோமொபைல் புகை தாங்காமல் ரேஞ்சர்கள் முகமூடி போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுத்தார்கள். கிளின்டன் அரசு படிப்படியாகத் தடை என்றது, புஷ் அரசு வேண்டாம் என்றது. 2003 டிசம்பர் 16, சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், வாஷிங்டன் நீதிபதி தடையைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டே மாதத்தில் வயோமிங் நீதிபதி அதை நிறுத்தினார். வாசலில் வண்டி வாடகைக் கடை வைத்திருந்தவன் நிலைமையை நினைச்சுப் பாருங்க. கடைசியில் 2013-ல்தான் தினசரி குழுக்களுக்கு உச்சவரம்பு, சத்தமும் புகையும் குறைந்த இஞ்சின் என்று ஒரு வழிக்கு வந்தது.

கோர்ட் படியேறாமல் பேசித் தீர்த்த இடமும் உண்டு. கொலராடோவின் வெய்ல் பாஸில் சுமார் 55,000 ஏக்கரைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒரு பகுதி வண்டிக்கு, ஒரு பகுதி காலுக்கு. மூன்றாவதாக ஒரு பகுதியும் உண்டு. அங்கே வண்டியில் மேலே ஏறி ஸ்கீயில் இறங்கலாம். ஆமாம், "சத்தம் சத்தம்" என்று புலம்பும் கோஷ்டியிலேயே வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்கீக்காரர்கள் ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்த முடியாதபடி இன்னொன்றும் வந்தது. நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த வுல்வரீன் என்ற பிராணி, ஆழ்ந்த பனிக்குள் வளை தோண்டிக் குட்டி போடும். ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மலைகளில் இவற்றுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டினார்கள். வண்டி ஓட்டுபவர்கள், ஸ்கீ போடுபவர்கள் கையிலும் ஜிபிஎஸ் கொடுத்து, யார் எங்கே போகிறார்கள் என்று பல குளிர்காலம் பதிவு செய்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. வண்டி போகும் இடங்களை வுல்வரீன் ஒதுக்கியது. சத்தமே போடாமல் ஸ்கீயில் போனவர்களின் இடங்களையும் ஒதுக்கியது. 2023-ல் இந்தப் பிராணி அழிவை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனிமேல் வரைபடம் போட உட்காரும் மேஜையில் அதற்கும் ஒரு நாற்காலி போட்டாக வேண்டும்.