அங்காடி அலுவலருக்கு ஒரு பயிற்சி நூல்

அப்பாசியர் காலந்தொட்டு இஸ்லாமிய நகரங்களில் அங்காடியையும் அளவைகளையும் மேற்பார்த்த அலுவலர் முஹ்தஸிப். இன்றைய நகராட்சி ஆய்வாளரை ஒருவாறு ஒத்தவர். அவருடைய அதிகார வரம்பை இமாம் மாவர்தீ (இறப்பு கி.பி. 1058) ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வின் இறுதி இயலில் வரையறுத்தார். ஆனால், புதிதாய்ப் பதவியேற்றவர் மறுநாள் காலை ரொட்டிக்கடையில் எதைப் பார்க்க வேண்டும்? அது சட்ட நூலில் கிடைக்கும் பாடமன்று.

அதனை எழுதியவர் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ. ஹிஸ்பாப் பொறுப்பேற்ற ஒருவர் வேண்டியதாலேயே ‘நிஹாயத்துர் ருத்பா’வை 40 இயல்களில் எழுதியதாக முன்னுரையில் கூறுகிறார். மாவைக் காலால் மிதித்துப் பிசையலாகாது. பிசைபவர் வியர்வை விழாதபடி நெற்றியில் துணி கட்டவேண்டும். ஈயோட்ட ஓர் ஆள் நிற்கவேண்டும். கண் மருத்துவரையோ ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் நூலில் தேர்வு செய்யவேண்டும்! எல்லாத் தொழிலும் ஒருவருக்குத் தெரியாதாகையால், தொழில்தோறும் நம்பகமான ஓர் ‘அரீஃபை’ அத்தொழிலாளரிலிருந்தே அமர்த்தச் சொல்கிறார்.

மருந்து வணிகர் பற்றிய இயலில் அவருக்குத் தயக்கம் பிறக்கிறது. அபினில் கலப்படத்தைக் கண்டறியக் கற்பித்தால், கலக்கவும் கற்பித்ததாகாதா? பரவலாகத் தெரிந்த மோசடிகளை மட்டும் விளக்கி, ஏனையவற்றை மார்க்கப் பேணுதலற்றோர் கற்றுவிடுவர் என்றஞ்சித் தவிர்த்ததாக எழுதுகிறார். இதனால் அலுவலரின் பயிற்சி குறைவுபடும்தான். எனினும் அச்சம் நியாயமானதே என்பது என் கருத்து. விடுபட்டதை அரீஃப் காதோடு சொல்லிக்கொள்ளலாம்.

பின்னர் எகிப்தின் இப்னுல் உகுவ்வா (இறப்பு கி.பி. 1329) இந்நூலைப் பெரிதும் அடியொற்றி, 70 இயல்களில் ‘மஆலிமுல் குர்பா’வை இயற்றினார்.