247 எழுத்தும் 31 விசையும்



பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், காலேஜ் போற பையன் லைட் எரியிற மெக்கானிக்கல் கீபோர்டு கேக்கிறான். சின்னதா இருக்கணுமாம். கேம் விளையாடவும் வேணும், டைப் அடிக்கவும் வேணும். எதை வாங்கறது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றில் இருந்துதான் பதில் வரும். பொறுமையாகப் படியுங்கள். கடையில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நாற்பது சொச்சம் விசைகளில் எல்லாம் அடங்கிவிடும். நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. அதிலும் கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். சின்னப் பலகையில் பெரிய மொழியை எப்படி அடக்குவது? அந்தக் கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

அதற்கு வழி கண்டவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா சென்று, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். எல்லா எழுத்தையும் தனித்தனியாக வைக்காமல் துண்டுகளாகப் பிரித்தார். கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றுக்குத் தனி விசைகள். புள்ளிக்கு 'நகரா விசை': அடித்தால் புள்ளி விழும், வண்டி நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். அவர் வகுத்த முறையில் ஜெர்மனியில் செய்த 'பிஜோ' என்ற பொறி தமிழர்கள் கைக்கு வந்தது. பின்னாளில், 1955 முதல், கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறிகள் செய்தது.

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று நம் பக்கத்து ஊர்களில் தட்டச்சுப் பயிலகத்துச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர். "லோயர் முடிச்சாச்சா? ஹையர் முடிச்சாச்சா?" என்பது அன்று கல்யாணப் பேச்சிலும் வரும் கேள்வி. நிலம் குறைவான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, அரசு வேலைக்கான கதவை அந்தப் பத்து விரல்கள் திறந்தன. இன்று வரை டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

கணினி வந்தபோது தமிழுக்கு ஆளுக்கொரு விசைப்பலகை முளைத்தது. ஓர் இடத்தில் அடித்தது இன்னோர் இடத்தில் புரியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு இதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் தமிழக அரசு 'தமிழ் 99' அமைப்பை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகள். ஷிப்ட் அழுத்தாமலே தமிழ் முழுவதும் வந்துவிடும். கிரந்த எழுத்துக்குத்தான் ஷிப்ட். தட்டச்சுப் பொறியில் 'கொ' எழுத கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. இதில் க, ஒ என்று இரண்டே தட்டு. 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ போதும். புள்ளி தானே விழும்.

இப்போது கடைக்கு வருவோம். முழு அளவுப் பலகையில் 104 விசை, எண்பகுதி இல்லாததில் 87, 'அறுபது சதவீதம்' என்பதில் 61. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு 61 பிடிக்கும், மவுஸ் நகர்த்த இடம் கிடைக்கும். ஆனால் அம்புக்குறி விசைகள் தனியாக இருக்காது. அதைவிடச் சின்னதும் வருகிறது. அங்கேதான் கவனம் வேண்டும். தமிழ் 99இல் 'ச', 'ஞ' இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. 'ந' அரைப்புள்ளியில், 'ய' மேற்கோள் குறியில், 'ழ' சாய்கோட்டில். இந்த ஐந்தும் தனி விசையாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சாய்கோடு இல்லாத பலகையில் 'தமிழ்' என்ற சொல்லையே நேராக அடிக்க முடியாது.

நீல சுவிட்ச் 'டக் டக்' என்று பயிலகம் போலச் சத்தம் போடும். ராத்திரியில் வீடே விழித்துக்கொள்ளும். சிவப்பு மென்மையாக இறங்கும், விளையாட்டுக்கு நல்லது. பழுப்பில் சத்தம் குறைவு, விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரியும். இரண்டு வேலைக்கும் சேர்த்து என்றால் என் ஓட்டு பழுப்புக்கு. ஒரே நேரத்தில் பல விசை அழுத்தினாலும் எல்லாம் பதிவாகுமா என்றும் கேளுங்கள். பழைய பொறியில் இரண்டு விசையைச் சேர்த்து அடித்தால் கம்பிகள் சிக்கிக்கொள்ளுமே, அதே கதைதான்.

விளக்கு ஆங்கில எழுத்தின் வழியாகத்தான் ஒளிரும். தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒட்டாதீர்கள், விரலுக்குப் பழக்குங்கள்.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். திறமைக் குறைவு அல்ல, யாரும் சொல்லித் தரவில்லை. பையன் விளையாடும்போது இடக்கை எந்த நான்கு விசையில் இருக்கிறது? டபிள்யூ, ஏ, எஸ், டி. தமிழ் 99இல் அவை ஈ, அ, இ, உ. நான்கு உயிரெழுத்தின் மேல் அவன் கை ஏற்கெனவே பழகிவிட்டது, மீதி 27தான். இப்போதைய விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறது, தனிச் செலவு இல்லை. பலகை வாங்கித் தரும் அன்றே, தினம் அரை மணி நேரம் தமிழ் பழக வேண்டும் என்று பேசி முடித்து வாங்கிக் கொடுங்கள். பழகிய பிறகு அவன் தமிழில் அடித்து எனக்கு ஒரு வரி அனுப்பட்டும்.