நான்கு நட்டுகளும் ஒரு தாம்போதியும்

2003ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுது. நயினாதீவுக்குப் படகேறுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவானை நோக்கி வாடகைக்கு அமர்த்திய பழைய மொறிஸ் மைனர் காரொன்றில் சென்றுகொண்டிருந்தேன். வேலணையைக் கடக்கையில் முன்பக்க இடச்சில்லிலிருந்து 'டக், டக்' என்று ஒலி எழுந்தது. சாரதி காரை நிறுத்திச் சில்லின் மூடியைக் கழற்றினார். நான்கு ஸ்ரட்டுகளில் ஒன்று முறிந்து போயிருந்தது. இரண்டில் நட்டுகள் கையால் சுழலும் அளவுக்கு இளகியிருந்தன. எஞ்சிய ஒரே நட்டின் தயவில் பண்ணைத் தாம்போதியைக் கடந்து வந்திருக்கிறோம். முன்னால் இருந்தது புங்குடுதீவுக்குச் செல்லும் வாணர் தாம்போதி. ஒடுங்கிய வீதி, இருபுறமும் கடல்.

அருகில் ஓர் ஓலைக் கொட்டிலில் கராச் வைத்திருந்த முதியவர் வந்து பார்த்தார். இளகிய நட்டுகளில் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, "இது இறுகேல்லைத் தம்பி, கடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு" என்றார். அந்த ஒரு வசனத்துக்குள் அரை நூற்றாண்டு வரலாறு இருந்தது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

மரையாணிகளுக்குப் பொது அளவு வகுத்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விற்வேர்த். ஆண்டு 1841. அவரது மரையின் கோணம் 55 பாகை. அதே கோணத்தில் நெருக்கமான மரை கொண்ட 'பி.எஸ்.எவ்.' அளவு 1908இல் வந்தது. அமெரிக்கர்களோ 60 பாகையில் மரை வெட்டினார்கள். இந்த வேறுபாட்டின் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. றோல்ஸ் றொய்ஸின் மேர்லின் விமான இயந்திரத்தை அமெரிக்காவில் உற்பத்தி செய்த பக்காட் நிறுவனம், பிரித்தானிய மரைகளை வெட்டுவதற்கான கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் வாஷிங்டனில் கூடிப் பொது மரையொன்றுக்கு உடன்பட்டன. 'யு.என்.எவ்.' என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் மரை அந்த உடன்பாட்டுக்கு உட்பட்டதே. இலங்கை சுதந்திரம் பெற்றதும், மொறிஸ் மைனர் முதன்முதலில் காட்சிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

அக்காலத்து மொறிஸ் இயந்திரங்கள் சிலவற்றில் பிரெஞ்சு மெற்றிக் மரையும் விற்வேர்த் சாவிக்குப் பொருந்தும் தலையும் ஒன்றாகவே இருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1923இல் மொறிஸ் வாங்கிய கொவென்றித் தொழிற்சாலை, ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு உரியதாக இருந்ததே காரணம். குழப்பம் நம் ஊரில் தொடங்கியதல்ல.

பிற்கால மைனரின் சில்லு ஸ்ரட் எட்டில் மூன்று அங்குல யு.என்.எவ்.; அங்குலத்துக்கு 24 மரை. மில்லிமீற்றரில் 9.525. சாரதி இரண்டு மாதங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் வாங்கிப் பூட்டியிருந்ததோ 10 மில்லிமீற்றர் மெற்றிக் நட்டு. அரை மில்லிமீற்றர்கூட வித்தியாசமில்லை. முதல் இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏறும். பிறகு மரை இடைவெளிகள் ஒத்துவராமல் சிக்கி நிற்கும். சாவியைப் பிடித்திருக்கும் கைக்கு அது நன்றாக இறுகிவிட்டதாகவே தோன்றும்.

சில்லைத் தாங்குவது ஸ்ரட்டின் தடிப்பு என்றே பலர் எண்ணுகிறோம். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்ரட் மயிரிழையளவு நீண்டு, வில்லைப்போல் இழுத்து, சில்லை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அழுத்தம் போனால் சில்லு ஆடும். ஆடும் சில்லு ஸ்ரட்டை வளைத்து வளைத்து முறிக்கும்.

இப்படிப்பட்ட நட்டு அந்தக் காருக்கு ஏன் வந்தது? 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் வைத்துக் காலந்தள்ளப் பழகினோம். 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய வாகனங்களும் மெற்றிக் மரையும் பெருகின. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை. எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகமும் தடைசெய்யப்பட்டன. பெற்றோலை ஓரிரு சொட்டு விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை யாழ்ப்பாணத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் நட்டுகளைப்பற்றி எவரும் எழுதவில்லை.

அந்நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்திருந்த அந்த முதியவர், பழைய லொறி அச்சுகளைக் கடைந்து ஸ்ரட் செய்ததாகச் சொன்னார். மின்சாரம் இல்லை, தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரமே லேத்தைச் சுற்றியது. அச்சு கிடைக்காதபோது கட்டடக் கம்பியில் கடைந்து கொடுத்தவர்களும் உண்டாம். மெல்லிரும்பு நீளும், ஆனால் திரும்பிச் சுருங்காது. இரண்டொரு நாளில் நட்டு இளகிவிடும். உடைந்த ஸ்ரட்டை ஹப்போடு ஒட்டவைத்த கார்களையும் அவர் கண்டிருக்கிறார். ஒட்டின் சூட்டில் இரும்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பதால் அந்த வேலையை மட்டும் தாம் ஒருபோதும் செய்ததில்லை என்றார்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பிலிருந்து நட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. பன்னிரண்டு ஆண்டுத் தட்டுப்பாட்டின் பின் கிடைத்ததை வாங்கினார்கள். மரையை எவரும் பார்க்கவில்லை. தடைக்காலத்தில் முறியாத ஸ்ரட் தாராளம் வந்த பிறகு முறிந்தது.

தீவுகளுக்கென்று இன்னொரு பகை உப்பு. தாம்போதியில் தெறிக்கும் கடல்நீர் நட்டின் கூம்புக்கும் சில்லுக்கும் இடையில் துருவை வளர்க்கும். துருவின்மேல் இறுக்கினால், துரு உதிர்ந்ததும் நட்டு இளகும். முதியவர் முதலில் கம்பித் தூரிகையால் ஹப்பைச் சுரண்டினார். மரையில் கிறீஸை விரல்நுனியளவு தடவினார், கூம்பில் படவிடவில்லை. மரையை உலர்வாகவே விடவேண்டும் என்பது பெரும்பாலான உற்பத்தியாளரின் விதி. உப்புக்காற்றில் உலர்வாக விட்ட நட்டு ஆறு மாதத்தில் கழன்றுவராது என்பது தீவாரின் விதி. நான் தீவாரின் பக்கம்.

கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு பிஸ்கற் தகரப் பேணியைக் கொண்டுவந்தார். நட்டுகளை மரைவாரியாகக் கம்பியில் கோர்த்து வைத்திருந்தார். இடப்பக்கச் சில்லுக்கென எதிர்ச்சுற்று மரை வெட்டிய பழைய லொறிகளின் நட்டுகளும் ஒரு கோர்வையில் கிடந்தன. விடயம் அறியாத பையன்கள் குழாய் கொழுவித் திருகி எத்தனையோ ஸ்ரட்டை முறித்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இடம்பெயர்வின்போது கைவிடப்பட்டு, வடலிக்குள் துருப்பிடித்துக் கிடந்த மைனர் ஒன்றிலிருந்து எடுத்த மூன்று ஸ்ரட்டுகள் எங்கள் காருக்கு ஏறின. அந்தக் காரின் சொந்தக்காரரை அவர் அறிவார். குடும்பத்தோடு கனடாவில் என்றார். ஸ்ரட்டுகளுக்குக் காசு வாங்கவில்லை. வேலைக்கு மட்டும் வாங்கினார்.

குறிகாட்டுவானை அடைந்தபோது படகு போய்விட்டிருந்தது. அடுத்த படகுக்குக் காத்திருந்த வேளையில், முதியவர் சொல்லியனுப்பியபடியே சாரதி நான்கு நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்த்தார். மூன்று அசையவில்லை. நான்காவது கால் சுற்று வந்தது.