பெருங்குடல் அகநோக்கல்

பெருங்குடல் அகநோக்கல் அல்லது கொலோனோஸ்கோபி என்பது, வளையக்கூடிய நீண்ட குழாய் ஒன்றைக் குதத்தின் வழியே செலுத்தி, மலக்குடலையும் பெருங்குடல் முழுவதையும் உட்புறமாகப் பார்க்கும் மருத்துவச் சோதனை ஆகும். ஏறத்தாழ விரல் தடிமன் கொண்ட இக்குழாயின் நுனியில் ஒளியும் சிறு நிகழ்படக் கருவியும் உள்ளன. அது அனுப்பும் படத்தை மருத்துவர் திரையில் காண்கிறார். குழாயினுள் அமைந்த மெல்லிய வழியினூடாகக் கருவிகளைச் செலுத்தித் திசு மாதிரி எடுக்கவும், சிறு வளர்ச்சிகளை வெட்டி அகற்றவும் இயலும். ஆகவே இது நோயறியும் சோதனையாக மட்டுமன்றிச் சிகிச்சையாகவும் அமைகிறது.

பயன்கள்

மலத்துடன் இரத்தம் வெளியேறுதல், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவுச் சோகை, நீடித்த வயிற்றுப்போக்கு, மலங்கழிக்கும் வழக்கத்தில் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றின் காரணத்தை அறிய இச்சோதனை செய்யப்படுகிறது. குரோன் நோய் போன்ற குடல் அழற்சி நோய்களைக் கண்டறியவும் இது பயன்படுகிறது.

நோய்க்குறி ஏதும் இல்லாதவர்களுக்கும் இச்சோதனை பரிந்துரைக்கப்படுவதுண்டு. பெருங்குடற் புற்றுநோய்களில் பெரும்பாலானவை, 'பாலிப்' எனப்படும் சிறு வளர்ச்சிகளிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல உருவாகின்றன. எல்லாப் பாலிப்புகளும் புற்றுநோயாவதில்லை. எனினும் அத்தகையவற்றை முன்கூட்டியே அகற்றிவிட்டால் நோய் தோன்றுவதையே தடுக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய்க்கான முன்னறிசோதனைகளைத் தொடங்கும் வயது 2021 இல் 50 இலிருந்து 45 ஆகக் குறைக்கப்பட்டது. நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருந்திருப்பின் இன்னும் முன்னதாகவே தொடங்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவர்.

வரலாறு

முற்காலத்தில் பயன்பட்ட வளையாத உலோகக் குழாய்களால் குடலின் கடைசி 25 செ.மீ. அளவையே பார்க்க முடிந்தது. கண்ணாடி இழைக் கற்றையின் வழியே படத்தைக் கடத்தலாம் என்பதை ஹெரால்ட் ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் 1954 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். அதைப் படித்த மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் இழையொளி அகநோக்கியை உருவாக்கி, 1957 இல் அதைத் தாமே விழுங்கிச் சோதித்தார். நியூயார்க் நகரில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகியோர் 1969 இல் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் முறையை வளர்த்தெடுத்தனர். அதே ஆண்டில் ஷின்யா, கம்பிச் சுருக்கைக் கொண்டு பாலிப்பை அகற்றினார். அதுவரை குடலின் மேற்பகுதியிலுள்ள பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருந்தது. 1980களில் இழைக் கற்றையின் இடத்தை நிகழ்படக் கருவி பிடித்தது.

முன் ஆயத்தம்

சோதனையின் வெற்றி பெரிதும் குடல் சுத்தமாக இருப்பதைப் பொறுத்தது. சிறிதளவு மலம் எஞ்சினாலும் அதன் கீழ் ஒரு பாலிப் மறைந்திருக்கலாம்; சோதனையை மீண்டும் செய்யவும் நேரிடலாம். சோதனையைவிட இந்த ஆயத்தமே கடினமானது என்று நோயாளிகள் பலரும் கூறுவர்.

* சில நாட்களுக்கு முன்பிருந்தே கீரை, முழுத் தானியங்கள், கொய்யா போன்ற விதையுள்ள பழங்கள் தவிர்க்கப்படுகின்றன.
* முந்தைய நாள் பெரும்பாலும் நீர், வடிகட்டிய சாறு, பால் சேர்க்காத தேநீர் போன்ற தெளிந்த பானங்கள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. சிவப்பு நிறப் பானங்கள் இரத்தம் போலத் தோன்றலாம் என்பதால் அவை கூடாது.
* பாலியெத்திலீன் கிளைக்கால் கலந்த பேதி மருந்து, வகைக்கேற்ப 2 முதல் 4 லிட்டர் வரை குடிக்கத் தரப்படுகிறது. பாதியை முந்தைய மாலையிலும் மீதியைச் சோதனைக்குச் சில மணி நேரம் முன்னரும் குடிப்பது, முழுவதையும் முதல் நாளே குடிப்பதைவிடக் குடலை நன்கு சுத்தமாக்குகிறது.
* வெளியேறுவது கசடின்றித் தெளிந்த மஞ்சள் நீராக இருப்பின் குடல் ஆயத்தமாகிவிட்டது எனக் கொள்ளலாம்.

இரும்புச்சத்து மாத்திரைகள் குடலைக் கருமையாக்குவதால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன. நீரிழிவு மருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றை உட்கொள்பவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

செய்முறை

நோயாளி இடப்புறமாக, முழங்கால்களை மடக்கிப் படுக்க வைக்கப்படுகிறார். பொதுவாக நரம்பின் வழியே தூக்க மருந்து செலுத்தப்படுவதால் பலருக்கு நடந்தது நினைவிலிருப்பதில்லை. தூக்க மருந்தின்றியும் செய்வதுண்டு. அப்போது குழாய் வளைவுகளைக் கடக்கையில் வயிறு பிசைவது போன்ற வலி தோன்றலாம். குடலை விரிக்கக் காற்றோ கரியமில வாயுவோ செலுத்தப்படுகிறது. குடல்வால் தொடங்கும் இடம் வரை குழாய் சென்ற பின், அதை மெதுவாக வெளியே இழுக்கும்போதே குடற்சுவர் கூர்ந்து ஆராயப்படுகிறது. இதற்குக் குறைந்தது 6 நிமிடங்களாவது செலவிட வேண்டும் என்பது நெறிமுறை. சோதனை முழுவதும் வழக்கமாக 20 முதல் 45 நிமிடங்களில் முடிந்துவிடும். பாலிப் அகற்றப்படும்போது வலி தெரிவதில்லை. குடலின் உட்சுவரில் அத்தகைய வலியுணர்வு இல்லை.

சோதனைக்குப் பின்

சில மணி நேரம் வயிற்று உப்புசம் இருக்கும். வாயு வெளியேறியதும் அது தணியும். தூக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது. வீடு திரும்பத் துணைக்கு ஒருவர் தேவை. திசு மாதிரி எடுக்கப்பட்டிருப்பின் முடிவு வரச் சில நாட்களாகும். மாதிரி எடுப்பதனாலேயே புற்றுநோய் என்று பொருளல்ல.

குடலில் துளை விழுதல், பாலிப் அகற்றிய இடத்தில் இரத்தம் கசிதல் ஆகியன அரிய சிக்கல்கள். இரத்தக் கசிவு சில நாட்கள் கழித்தும் ஏற்படலாம். கடும் வயிற்று வலி, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு இருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வரம்புகள்

நார்வே, சுவீடன், போலந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே 10 ஆண்டுகளில் பெருங்குடற் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 0.98 விழுக்காடாகவும், அழைக்கப்படாதவர்களிடையே 1.20 விழுக்காடாகவும் இருந்தது. அழைக்கப்பட்டவர்களுள் 42 விழுக்காட்டினரே சோதனைக்கு வந்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை ஒரு மாற்று முறையாகும். ஆயினும் அதில் இரத்தம் தென்பட்டால், காரணத்தை அறிய அகநோக்கலே அடுத்த படியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பெருங்குடல்
* புற்றுநோய்
* ஒளியிழை